பாதி நனைந்தால் போதும்

பகலில் நான் வரைவது பம்ப்.
அன்னூர்ப் பக்கம் ஆயிரத்து இருநூறு அடி போர்வெல்,
அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்று நம்பி
அடுக்கடுக்காய் இம்பெல்லர்.
குமிழி ஒன்று உள்ளே புகுந்தாலும்
புகார்ப் புத்தகத்தில் என் பெயர் ஏறும்.

ஏழு மணிக்குமேல் வரைவது படகு.
முப்பது அங்குலம். மூன்றரை சிசி எஞ்சின்.
அதற்குக் காற்று பிடிக்கும்.

ஆவாரம்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் திருமூர்த்தி
லேத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:
"தண்ணியில ஓடோணுமா, தண்ணி மேல ஓடோணுமாங்க?"
பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது.

மூன்று இடத்தில் தொட்டால் போதும்.
முன்னே இரண்டு மிதவைகளின் பின்நுனி,
பின்னே ப்ரொப்பல்லரின் கீழ்ப்பாதி.
மேல்பாதி வெறுங்காற்றை அறுத்துக்கொண்டு
அடுத்த கடிக்குக் காத்திருக்க வேண்டும்.
பத்து வருடமாய் நான் படித்த பாடத்தில்
இதற்குப் பெயர் பழுது.

மிதவைக்கு நாலு டிகிரி சாய்வு கொடுத்தேன்.
நாலு அதிகம் என்று
சூலூர் குளம் சொல்லித்தான் தெரிந்தது:
நேர்க்கோட்டில் வேகம் ஏறியது, மூக்கு தூக்கியது,
அடியில் காற்று புகுந்து
ஒரு நொடி வயிற்றைக் காட்டியது,
மல்லாந்தது.
உள்ளே தெர்மாகோல் வைக்க மறந்திருந்தேன்.
ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம் நாலு குமிழி.
அவ்வளவுதான்.

பரிசல்காரர் வெள்ளியங்கிரி
கொக்கியை விட்டு ஒரு மணி நேரம் துழாவினார்.
வந்தது ஒரு செருப்பு,
ஒரு சாமி படச் சட்டம்,
கடைசியில் என் ரெசனன்ஸ் பைப், சேறு வழிய.
"இதுக்கு எவ்வளவுங்க ஆச்சு?"
பாதியைச் சொன்னேன்.
அதற்கே பரிசலில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவதற்கு இரண்டரை டிகிரி.
இரண்டு பென்சில் முனைமேல் உடலை நிறுத்தி
எடை எங்கே கூடுகிறது என்று பார்த்தேன்.
மூக்கில் மூன்று ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டினேன்.
இடுக்கெல்லாம் தெர்மாகோல்.
வலப்பக்கம் மட்டும் ஒரு தகடு, கத்திபோல,
வளைவில் நீரைக் குத்திப் பிடிக்க.
வலப்பக்கம்தான் திரும்பத் தெரியும் அதற்கு;
இடப்பக்கம் போகச் சொன்னால்
எங்கள் மேனேஜர் மாதிரி ஒருமுறை துள்ளிவிட்டு நிற்கும்.

மெத்தனால், நைட்ரோ, விளக்கெண்ணெய்.
குழந்தை வயிற்றைக் கழுவும் அதே விளக்கெண்ணெய்
பிஸ்டனைக் கருகாமல் காக்கிறது.
என் துப்பட்டாவில் அந்த வாசம் போகவில்லை.
ஊசியைக் கால் சுற்று இறுக்கினால் எஞ்சின் கத்தும்,
இன்னும் அரைக்கால் இறுக்கினால் செத்துப்போகும்.
அந்த அரைக்காலுக்குள்
திருமூர்த்தியின் விரல் மட்டும் நுழையும்.

போன ஞாயிறு, காலை ஆறரை.
குளத்தில் காற்று இல்லை.
க்ளோ ப்ளக் சிவந்தது, அவர் கையை விட்டார்.
முதலில் உழுதது, எருமை மாதிரி.
பிறகு ஏதோ ஒன்று கழன்றதுபோல்
சத்தம் ஒரு படி மேலே ஏறியது.
படகுக்கும் நீருக்கும் நடுவே
காலை வெளிச்சம் ஒரு கோடாய்த் தெரிந்தது.
பின்னால் எழுந்த நீர்வால்
படகைவிட ஆறு மடங்கு நீளம்.
திருமூர்த்தி எதுவும் சொல்லவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
நான் மூச்சு விட்டேனா, நினைவில்லை.

திங்கள் பத்து மணிக்குப் போன்.
அன்னூரிலிருந்து சென்னியப்பன்.
"அம்மணி, பைப்புல தண்ணியோட காத்து வருதுங்க.
சத்தம் கேளுங்க" என்று
போனைக் குழாய்க்கு அருகில் பிடித்தார்.

கடகடவென்று, விட்டு விட்டு,
பாதி நீர், பாதி காற்று.

ஒரு நொடி,
ஒரே ஒரு நொடி,
மனசு துள்ளியது.
பிறகு பேனாவை எடுத்து
"நீர்மட்டம் எத்தனை அடிக்குப் போயிருக்குங்க?" என்று கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை.
குழாயை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தார்.